சுடச் சுடப் பெருகிய நரிகள்!

துப்பாக்கியும் விஷமும் தோற்ற கதை

2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். வானளாவிய கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் கடைவீதி. பட்டப்பகல்.

அங்கே ஒரு ரொட்டிக் கடை. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக உள்ளே நுழைந்தது ஒரு நரி!

வாடிக்கையாளர்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நரி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்பானப் புட்டிகளை அடுக்கி வைத்திருந்த பெட்டியில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. ஏறக்குறைய 40 நிமிடம் அப்படியே கிடந்தது. பிறகு நகராட்சி ஆட்கள் வந்து பிடித்துப் போனார்கள். ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை.

கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில், அதுவும் மாபெரும் நகரத்தின் நடுவில், காட்டுப் பிராணிக்கு என்ன வேலை? அதைச் சுட்டு ஒழித்துவிடக் கூடாதா?

சுட்டுத்தான் பார்த்தார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகச் சுட்டுப் பார்த்தார்கள். நடந்தது என்ன தெரியுமா? நரி குறையவில்லை, பெருகியது!

யார் இந்தக் கயோட்டி?

இந்தப் பிராணிக்கு அமெரிக்காவில் 'கயோட்டி' என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் பேசும் நஹுவாட்டில் மொழியிலிருந்து வந்த சொல் அது. நம் ஊர் நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று சொல்லலாம். எடை பெரும்பாலும் 9 கிலோவிலிருந்து 18 கிலோ வரை. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். புசுபுசுவென்ற வால். இரண்டு நரிகள் சேர்ந்து ஊளையிட்டால் இருபது நரிகள் கூடியிருப்பது போலக் கேட்கும்.

இதற்கு இன்னதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. எலி, முயல், மான்குட்டி, வெட்டுக்கிளி, பழம், செத்த பிராணி, குப்பைத் தொட்டியில் கிடக்கும் மிச்சம் எதையும் தின்னும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது அமெரிக்காவின் மேற்கே இருந்த புல்வெளிகளிலும் பாலை நிலங்களிலும்தான் திரிந்தது. இன்றோ, ஹவாய் தீவுகள் நீங்கலாக அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. நியூயார்க்கிலும் உண்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலும் உண்டு. வடக்கே அலாஸ்கா, தெற்கே பனாமா வரை பரவிவிட்டது.

அரசே தொடுத்த போர்

சண்டை ஆட்டுப் பட்டிகளில் தொடங்கியது. மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் செம்மறியாடு வளர்த்தவர்களுக்குக் கயோட்டி பெரும் பகையாக இருந்தது. இரவில் வந்து குட்டிகளைத் தூக்கிப் போகும். அவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள்.

1915ஆம் ஆண்டு, கொன்று தின்னும் பிராணிகளை ஒழிக்க அமெரிக்கப் பாராளுமன்றம் பணம் ஒதுக்கியது. 1931இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. ஜனாதிபதி ஹூவர் கையெழுத்திட்டார். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வீதம் பத்து ஆண்டுகள் செலவிடுவது என்று திட்டம்.

சம்பளத்துக்கு வேட்டைக்காரர்கள் அமர்த்தப்பட்டார்கள். இரும்புப் பொறிகள் வைத்தார்கள். இறைச்சித் துண்டில் எட்டி விஷம் தடவிப் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு '1080' என்ற புது விஷம் வந்தது. நரி வாய் வைத்து இழுத்தால் சயனைடு வெடித்துச் சிதறும் கருவியும் வந்தது. விமானத்தில் தாழப் பறந்தும் சுட்டார்கள்.

1947 முதல் 1956 வரை மட்டும் மேற்கு மாநிலங்களில் கொல்லப்பட்ட கயோட்டிகள் சுமார் 65 லட்சம் என்கிறார் வரலாற்றுப் பேராசிரியர் டான் ஃப்ளோரஸ்.

விஷத்துக்குக் கண் உண்டா? நரிக்கு வைத்ததைக் கழுகு தின்றது. வீட்டு நாயும் தின்றது. எதிர்ப்புக் கிளம்பியது. 1972இல் ஜனாதிபதி நிக்ஸன் மத்திய அரசு நிலங்களில் இந்த விஷங்களுக்குத் தடை போட்டார். ஆனால் சயனைடுக் கருவி பின்னர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. 2017இல் ஐடஹோ மாநிலத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றில் நாயோடு உலாவிய ஒரு சிறுவன், என்னவென்று தெரியாமல் அதைத் தொட்டுவிட்டான். கண்ணெதிரே நாய் செத்தது. சிறுவன் உயிர் தப்பினான்.

வேட்டை இன்னும் நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டில் அரசுத் துறை மட்டும் சுமார் 64 ஆயிரம் கயோட்டிகளைக் கொன்றது. தனியார் சுட்டது வேறு. யூட்டா மாநிலம் 2012இல் ஒரு கயோட்டிக்கு 50 டாலர் என்று பரிசே அறிவித்தது!

கொன்றால் எப்படிப் பெருகும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இதே விஷமும் துப்பாக்கியும் ஓநாயை அமெரிக்காவின் பெரும்பகுதியிலிருந்து துடைத்துவிட்டன. கயோட்டி மட்டும் எப்படித் தப்பியது?

முதல் காரணம், அந்த ஓநாய்தான். ஓநாய் இருந்த இடத்தில் கயோட்டி அடங்கிக் கிடந்தது. பெரியவனை மனிதன் ஒழித்துக் கொடுத்தான். சின்னவன் தைரியமாக வெளியே வந்தான்.

இரண்டாவது காரணம், அதன் குடும்ப முறை. கயோட்டி கூட்டுக் குடும்பமாக வாழும் பிராணி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எல்லை உண்டு. குடும்பத் தலைவனும் தலைவியுமே பெரும்பாலும் குட்டி போடுவார்கள். வளர்ந்த பிள்ளைகள் உடனிருந்து தம்பி தங்கைகளைக் காப்பார்கள். வெளி நரி எல்லைக்குள் வந்தால் விரட்டுவார்கள்.

தலைவனையோ தலைவியையோ சுட்டால் என்ன ஆகும்? குடும்பம் சிதறும். இதுவரை அடங்கியிருந்த இளம் பெண் நரிகளும் இணை சேரும். ஒரு ஈற்றுக்குச் சராசரி ஆறு குட்டி. முன்பு ஒரு தாய் ஈன்ற இடத்தில் இப்போது இரண்டு மூன்று தாய்கள் ஈனலாம். தின்ன வாய்கள் குறைந்துவிட்டதால் குட்டிகளுக்கு இரை தாராளம். சாக வேண்டிய குட்டிகளும் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம், காலி இடம். மும்பையில் ஒரு கோலி காலியானால் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும்? மறுநாளே பெட்டி படுக்கையோடு ஆள் வந்து நிற்கவில்லையா? நரியின் எல்லையும் அப்படித்தான். இடம் தேடி அலையும் இளம் நரிகள் எப்போதும் உண்டு. ஒன்று செத்தால் இன்னொன்று குடிவரும்.

1975ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நூறு கயோட்டிகளில் 75ஐ ஆண்டுதோறும் விடாமல் கொன்றுகொண்டே வந்தாலும், அந்த இனத்தை ஒழிக்க 50 ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்று விடை வந்தது. அதற்குக் குறைவாகக் கொன்றால், இழந்ததை அது ஈடுகட்டிக்கொண்டே வரும்.

ஆட்டுக்காரர் குறையை அலட்சியம் செய்யவும் முடியாது. ஆடு குட்டி போடும் பருவத்தில், பட்டியை ஒட்டித் திரியும் நரிகளைக் கொன்றால் அந்தப் பருவத்துக்கு நஷ்டம் குறையும். அது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு மறுபடியும் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். அதனால்தான் பலர் வேலியும் காவல் நாயும் மேல் என்று திரும்பியிருக்கிறார்கள்.

ஒரு குழந்தையின் சாவு

நகரத்தில் நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு குழந்தைகள். அங்கே நரி வந்தால் யாருக்குத்தான் பதறாது?

1981 ஆகஸ்டில் அந்தப் பதற்றம் மெய்யானது. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கிளெண்டேல் என்ற ஊர். வீட்டு வாசலில் நின்ற மூன்று வயதுச் சிறுமியைக் கயோட்டி கவ்வி இழுத்தது. தகப்பனார் ஓடிவந்து மீட்டார். ஆனாலும் குழந்தை பிழைக்கவில்லை. அமெரிக்காவில் கயோட்டி தாக்கி ஒருவர் இறந்ததாகப் பதிவாகியிருப்பது அந்த ஒரு சம்பவம்தான். 2009இல் கனடாவில் 19 வயதுப் பெண் ஒருவர் இவ்வாறு இறந்தார்.

கிளெண்டேலில் உடனே பொறி வைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து அரை மைல் தூரத்துக்குள், 80 நாட்களில் பிடிபட்டவை ஐம்பதுக்கு மேல்!

இத்தனை சிறிய இடத்தில் இத்தனை நரிகளா? மலைக்காட்டில்கூட இவ்வளவு நெருக்கமாக இருக்காதே! காரணம் சாப்பாடு. மூடாத குப்பைத் தொட்டிகள். நாய்க்கும் பூனைக்கும் வெளியே வைத்த உணவு. இரக்கப்பட்டுக் கையால் போட்டவர்களும் உண்டு. மனிதன் கையில் சோறு கிடைக்கும் என்று பழகிய பிராணிக்கு மனிதனிடம் பயம் போய்விடுகிறது. பயம் போன பிராணிதான் ஆபத்தான பிராணி.

சிகாகோவில் கண்டது

2000ஆம் ஆண்டு முதல் சிகாகோவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து வருகிறது. நடத்துபவர் ஸ்டான்லி கெர்ட் என்ற விஞ்ஞானி. கயோட்டிகளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். அது போகுமிடமெல்லாம் பின்தொடர்வார்கள்.

தெரிய வந்தது ஆச்சரியமானது. நரிகள் நகரத்துக்குப் புதிதாக 'வந்துவிடவில்லை', அங்கேயே குடியிருந்தன. பூங்கா, இடுகாடு, ரயில் பாதை ஓரம் என்று குடும்பம் நடத்தின. பகலில் மனிதர் கண்ணில் படுவதில்லை. இரவில் சாலையைக் கவனமாகக் கடந்து இரை தேடின.

எதைத் தின்றன? 1,400க்கு மேற்பட்ட எச்சங்களைச் சோதித்தார்கள். எலி வகைகள் 42 சதவீத எச்சங்களில் இருந்தன. பழம் 23 சதவீதம், மான் 22, முயல் 18. வீட்டுப் பூனை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மனிதரின் உணவு மிச்சம் சுமார் இரண்டு சதவீதம். எலி பிடிப்பதே அவற்றின் முக்கிய வேலையாக இருந்தது!

இன்னொன்றும் தெரிந்தது. பிடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் விட்டால், நரி அங்கே தங்குவதில்லை. பழைய இடம் தேடி அலைகிறது. வழியில் வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

இப்போது பல அமெரிக்க நகரங்களில் முறை மாறிவிட்டது. குப்பையை மூடி வைக்க வேண்டும். நரிக்குத் தீனி போட்டால் அபராதம். வாசலில் நரி நின்றால் ஓடக் கூடாது. கையை உயர்த்தி, சத்தம் போட்டு, தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். பயம் அதற்கு மறக்கக் கூடாது. மனிதனை எதிர்க்கத் துணிந்த நரி எதுவோ, அதை மட்டும் அடையாளம் கண்டு அகற்றுகிறார்கள். அதிகம் சுட்டவனுக்குப் பரிசு என்று நடக்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014இல் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின.

நம் வாசலில் சிறுத்தை

அமெரிக்க நரிக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கோரேகாவ் ஆரே காலனியிலும், பாண்டுப், முலுண்ட், தானே ஓரங்களிலும் குடியிருக்கும் நம்மவர் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவர்கள் வாசலுக்கு வருவது நரி அல்ல, சிறுத்தை!

மும்பைக்கு நடுவே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர். அதன் மதில்வரை வீடுகள். 2018 கணக்கெடுப்பில் பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 47 சிறுத்தைகள் தென்பட்டன.

2004ஐப் பழைய மும்பைவாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஜூன் மாதம் மட்டும் சுமார் பத்துப் பேரைச் சிறுத்தைகள் கொன்றன. 'பிடித்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் சுட்டுத் தள்ளு' என்று கூச்சல் எழுந்தது. கூண்டுகள் வைக்கப்பட்டன.

அதே சமயத்தில் புணே மாவட்டம் ஜுன்னரில் ஒரு பாடம் கிடைத்தது. கரும்புத் தோட்டங்களில் திரிந்த சிறுத்தைகளை 2001 முதல் பிடித்து, தூரத்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஆபத்து தீர்ந்ததா? ஆண்டுக்குச் சராசரி நான்காக இருந்த தாக்குதல் பதினேழாக உயர்ந்தது! வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட பிராணி மிரண்டு போகிறது. திரும்பி வர அலைகிறது. வழியில் மனிதரிடம் மோதுகிறது. பிடித்த இடத்திலோ புதுச் சிறுத்தை குடிவருகிறது. சிகாகோ நரி சொன்ன அதே கதை!

நரியும் சிறுத்தையும் ஒன்றல்ல. சிறுத்தை பெரியது, அதிக ஆபத்தானது. சட்டமும் வேறு. 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது குற்றம். மனித உயிருக்கு அபாயமான சிறுத்தை என்றால், மாநில வன உயிர்த் தலைமைக் காவலர் உத்தரவிட வேண்டும். ஆனால் இரண்டையும் நம் வாசலுக்கு இழுக்கும் காரணம் ஒன்றே.

குப்பை குவிந்தால் தெருநாய் கூடும், பன்றி கூடும். நாய் கூடினால் சிறுத்தை வரும். பூங்காவைச் சுற்றியுள்ள சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்கின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அது தேடி வருவது நாயை. இருட்டில் குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதனும், தனியே நடக்கும் குழந்தையும் அதன் கண்ணுக்குச் சிறிய பிராணியாகத் தெரிந்துவிடுவதில்தான் விபரீதம்.

2022 தீபாவளியன்று ஆரே காலனியில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. குழந்தை இறந்துவிட்டது. விளக்கேற்றும் நாளில் அந்த வீடு இருண்டது.

நாம் செய்யக் கூடியவை

விடியுமுன் முதல் லோக்கலைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களும், இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவர்களும் நம்மில் அதிகம். பூங்கா ஓரத்தில் இருப்பவர்கள் இவற்றை மனத்தில் வைக்க வேண்டும்:

இருட்டியபின் குழந்தைகளைத் தனியே வெளியே விடக் கூடாது. பொதுக் கழிப்பறைக்குப் போனாலும் பெரியவர் ஒருவர் துணை போக வேண்டும்.

இரவில் நடக்கும்போது கையில் டார்ச் இருக்கட்டும். இரண்டு மூன்று பேராகப் பேசிக்கொண்டோ, செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டோ போகலாம். சத்தம் கேட்டால் சிறுத்தை பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

திறந்தவெளியில் குனிந்து உட்காருவதைத் தவிர்க்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடக் கூடாது.

மீன் கழிவையும் கோழிக் கழிவையும் தெருமுனையில் கொட்டக் கூடாது. தெருநாய்க்கு வாசலில் சோறு வைப்பதும் சிறுத்தைக்கு இலை போடுவது போலத்தான்.

சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடி வளைக்கக் கூடாது. கல்லெறியக் கூடாது. அது போக வழி விட வேண்டும். வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இவையெல்லாம் குடியிருப்பவர் செய்ய வேண்டியவை. ஆனால் எரியாத தெரு விளக்குக்கும், வாராத குப்பை வண்டிக்கும், அரை மைல் தள்ளி இருட்டில் இருக்கும் கழிப்பறைக்கும் குடிசைவாசி பொறுப்பாக முடியாது. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பத்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டு வார்டு அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கலாம். கூண்டு வை என்று கூச்சலிடுவதைவிட அது பயன் தரும்.

அமெரிக்கர்கள் லட்சக்கணக்கான நரிகளைக் கொன்று, நூறு ஆண்டு கழித்துக் குப்பைத் தொட்டிக்கு மூடி போடக் கற்றுக்கொண்டார்கள். நாம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் ஒரு விளக்கும், நாள் தவறாமல் வரும் குப்பை வண்டியும் ஒரு குழந்தையைக் காப்பாற்றும்.